அரை நாள் ஹர்த்தால்

கல்லாற்றில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கால் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊறுகாய் டப்பா கிருஷ்ணன் வசம் இருந்தது. எனக்கு ரத்த அழுத்தம் என்ற சாக்கில் அவரே அதைத் தீர்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. பொடி மீன்கள் வந்து கணுக்காலைக் கொத்திவிட்டு ஓடின. மரங்களுக்கு மேலே, பொன்முடிக்குப் போகும் சாலையில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் அந்த ஹார்ன் கேட்டது.

சாதாரண ஹார்ன் இல்லை. டூரிஸ்ட் பஸ்காரர்கள் ஆசையாகப் பொருத்தி வைத்திருப்பார்களே, ராகம் போட்டு இழுக்கும் ஹார்ன். என் கையிலிருந்த ஸ்பூன் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"ஹர்த்தால்னு சொன்னேளே" என்றேன்.

"ஆம்புலன்ஸா இருக்கும்" என்றார் கிருஷ்ணன்.

"ஆம்புலன்ஸ் இப்படிப் பாடிண்டா போகும்?"

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு கார் போனது. அதன் பின்னால் வரிசையாகப் பைக்குகள். கிருஷ்ணன் ஊறுகாய் டப்பாவை மூடி என்னிடம் நீட்டினார். அவர் தானாக ஊறுகாய் தருகிறார் என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

கிருஷ்ணன் என் கணவர். நேரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் என் வயதுக்காரிகள் இன்னும் அந்தத் தைரியத்துக்கு வரவில்லை. எழுத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது பத்திரிகையில் இந்தத் தொடர் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அதனால் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவருகிறேன்.

ரேழியில் தொங்கிய சைக்கிள்

போன வாரம் நாங்கள் இருவரும் பூவாறு வரை சைக்கிளில் போய்வந்ததைப் படித்த ஒரு வாசகி, "உங்களுக்கு ரோட்டில் பயமே கிடையாதா அம்மா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு. நன்றாகவே உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் அது என்னை வீட்டோடு உட்கார வைத்தது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒருநாள் காலை, பூ வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்ற காரின் கதவு திடீரென்று திறந்தது. திறந்தவர் பாவம், போன் பேசிக்கொண்டே இறங்கினார். நான் கதவில் மோதி நடு ரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து, என் தலைக்குப் பக்கத்தில் நின்றது. சிதறிக் கிடந்த பிச்சிப்பூவையும் அந்த டயரையும் ஒன்றாகப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காறை எலும்பு முறிந்தது. அது சீக்கிரமே கூடிவிட்டது. கூடாதது வேறொன்று. அதன் பிறகு பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டால் என் கை இரண்டும் தாமாக பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். எங்கே, எப்போது என்றெல்லாம் பார்க்காது. நடு ரோட்டில் சிலையாக நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? இரண்டு தடவை முயன்று பார்த்தேன். இரண்டு தடவையும் ஊரார் வாயிலிருந்து நல்ல மலையாளம் கேட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

கிருஷ்ணன் சைக்கிளைத் துடைத்து ரேழியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார். வருகிறவர்கள் தலையில் இடிக்கும். இடித்தவர்கள் எல்லோரும் "இதை இன்னும் வச்சிண்டிருக்கேளா?" என்று கேட்பார்கள். அடுத்த தெரு காயத்ரிக்குக் கழக்கூட்டத்தில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, "மாமி, சும்மாதானே தொங்கறது, எனக்குத் தரேளா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கிருஷ்ணன் காப்பியை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"குடுக்கறதுன்னா குடு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கல்லாறு போய்ட்டு வருவோம். வண்டியே இல்லாத ரோட்டுல."

"கேரளத்துல வண்டி இல்லாத ரோடு எங்கே இருக்கு?"

"வெள்ளிக்கிழமை இருக்கு" என்றார், பேப்பரை நீட்டி.

ஹர்த்தால் என்றால்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பந்த் வேறு, எங்கள் ஹர்த்தால் வேறு. உங்கள் ஊரில் பந்த் என்றால் பதற்றம். எங்கள் ஊரில் ஹர்த்தால் என்றால் முதல் நாள் சாயங்காலமே காய்கறிக் கடையில் கூட்டம் அலைமோதும். மறுநாள் எல்லார் வீட்டிலும் விசேஷமாக ஏதாவது வாணலியில் இருக்கும். எங்கள் தெருவில் ஹர்த்தால் என்றால் அடையும் அவியலும், ஆண்களுக்குச் சீட்டுக்கச்சேரியும். பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம் இவற்றுக்கு மட்டும் விலக்கு. முன்பெல்லாம் மாதம் தவறாமல் வரும். இப்போது குறைந்துவிட்டது. குறைந்ததில் நாட்டுக்கு நல்லது, சீட்டாடுகிறவர்களுக்குத்தான் வருத்தம்.

மாநிலம் முழுவதற்கும் ஹர்த்தால் உண்டு. ஜில்லாவுக்கு உண்டு. ஒரே ஒரு பஞ்சாயத்துக்கு மட்டும்கூட உண்டு. அந்த வெள்ளிக்கிழமை அறிவித்திருந்தது நெடுமங்காடு தாலுக்கில். காரணம், சாலைகளைச் செப்பனிடாததற்குக் கண்டனம். அந்தச் சாலைகளில் அன்று பயணம் செய்யப்போகிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதில் கிருஷ்ணனுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அவர் திட்டம் எளிமையானது. விடியும்போது கிளம்பி, நகரம் கண்விழிப்பதற்குள் வழயிலையைத் தாண்டிவிட வேண்டும். அங்கிருந்து நெடுமங்காடு தாலுக்கு. அப்புறம் கல்லாறு வரை ரோடு நம்முடையது. ஹர்த்தால் முடிகிற ஆறு மணிக்குள் வழயிலைக்குத் திரும்பி, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் சைக்கிள்களை விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு.

இதில் ஒரு தவறு இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ஹர்த்தால் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காலை ஆறு முதல் மாலை ஆறு என்று எங்கள் மூளை தானே போட்டுக்கொள்ளும். எத்தனை மணி வரை என்று யாரும் கேட்க மாட்டார்கள். தலைப்புக்குக் கீழே இருந்த நாலு வரியைக் கிருஷ்ணன் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

கிரிக்கெட் நடந்த நெடுஞ்சாலை

வழயிலை தாண்டியதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அடைக்கவில்லை, திறந்துகொண்டது என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. என் சைக்கிள் செயினின் சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ பாத்திரம் தேய்ப்பது, ஒரு வீட்டு மிக்ஸி, தோட்டத்துக்குள் காய்ந்த இலைமேல் யாரோ நடப்பது எல்லாம் கேட்டது. வெயில் ஏறாத நேரத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட முற்றங்களிலிருந்து புளித்த வாடை வரும். எனக்கு அது பிடிக்கும். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

எங்கள் வழக்கம், கிருஷ்ணன் முன்னால் போவது, நான் பின்னால் போவது. பள்ளம் வந்தால் கையைக் கீழே காட்டுவார், வேகத்தடை வந்தால் முதுகுக்குப் பின்னால் விரலை ஆட்டுவார். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரியவில்லை. சைக்கிள் வாங்கிய புதிதில் யாரோ ஒருவர் வழி தெரிந்தவராக இருக்க வேண்டியிருந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் வழி தெரிந்துவிட்டது. ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

நெடுமங்காடு தாண்டி ஒரு ஜங்‌ஷனில், கொடி நட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஹர்த்தால்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் வீட்டிலிருந்தோ வந்த தூக்குப்பாத்திரத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒருவர் எழுந்து வந்து கையைக் காட்டினார்.

"எங்கோட்டா சேச்சி? ஆசுபத்திரிக்கா?"

"கல்லாறுக்கு" என்றேன்.

"கல்யாணமா?"

"இல்லை. சும்மா."

அவர் சைக்கிளைப் பார்த்தார், என் தலைக்கவசத்தைப் பார்த்தார், கிருஷ்ணனின் வெள்ளை மீசையைப் பார்த்தார். பிறகு திரும்பி மற்றவர்களிடம், "சும்மா போவுகயாணு" என்று அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தூக்குப்பாத்திரத்திலிருந்து எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கட்டங்காப்பி, பால் விடாதது, கிடைத்தது. கிளம்பும்போது, "வேகம் போயிட்டு வேகம் வரணும், கேட்டோ" என்றார் அவர். சீக்கிரம் திரும்பிவிடுங்கள் என்று அக்கறையாகச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

விதுரைக்கு முன்னால் நட்டநடு ரோட்டில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் மட்டும் இல்லை, கைலியை மடித்துக் கட்டிய அப்பாக்களும். எங்களைக் கண்டதும் ஓடிவந்த பௌலர் பாதியில் நின்று வழி விட்டார். பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கி மரியாதை செய்தார். அப்படி ஒரு மரியாதை எனக்கு எந்த ரோட்டிலும் கிடைத்ததில்லை.

அன்று காலை முழுவதும் நான் ஒரு தடவைகூட பிரேக்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. பெரிய சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு குரல், இதெல்லாம் ஹர்த்தால் தரும் தைரியம், உன்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காயத்ரி வரட்டும், நாம் நல்லபடியாக ஒரு தடவை போய்வந்தோம் என்று இருக்கட்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

பாதி ஷட்டர்

இனி மறுபடி அந்தப் பாறைக்கு வருகிறேன்.

ஹார்ன் கேட்டதும் பையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினோம். காலையில் பாதி ஷட்டரை மட்டும் தூக்கி, அடியில் குனிந்து எங்களுக்கு டீ நீட்டிய செல்வியின் கடை இப்போது முழுசாகத் திறந்திருந்தது. வாழைக்குலைகூடத் தொங்கவிட்டாகிவிட்டது. செல்வி பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பாட்டன் காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம்.

"என்னம்மா, கடையைத் திறந்துட்டே?" என்றேன்.

"ஹர்த்தால் தீந்தாச்சுல்லா அக்கா. உச்சைக்கு ரெண்டு மணி வரைக்கும் தானே? நீங்க அறிஞ்சில்லையா?"

கிருஷ்ணன் கடையின் கூரையை ஆராய ஆரம்பித்தார்.

"காலையிலே சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றேன் செல்வியிடம்.

"நீங்க அறிஞ்சிட்டுதான் வந்திருப்பீங்கன்னு நினைச்சேன். பேப்பர்ல உண்டல்லோ."

அரை நாள் அடைந்து கிடந்த வண்டிகள் எல்லாம் ஒரேயடியாக மலை ஏறின. வார இறுதிக்கு முந்தைய மத்தியானம் வேறு. ஒவ்வொரு ஹார்னுக்கும் என் தோள் ஒரு குலுக்கு குலுங்கியது. சைக்கிளில் ஏறக்கூட இல்லை, கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கதி.

"என்னால முடியாது" என்றேன். அழுகை வந்துவிட்டது. செல்வி பார்க்கிறாளே என்ற வெட்கம் வேறு. காலையில் கிடைத்ததெல்லாம் இப்படிப் பிடுங்கிக்கொண்டு போகவா என்று ஆத்திரமாக இருந்தது.

கிருஷ்ணன் என்னைத் தேற்றவில்லை. அவருக்குத் தேற்றத் தெரியாது, ஏற்பாடு செய்யத்தான் தெரியும். காலையில் பொன்முடி ஏறிப்போய் மேலேயே மாட்டிக்கொண்ட பஸ் இறங்கி வரும், அதில் நான் விதுரை போய் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க வேண்டும், அவர் சைக்கிளில் வந்து சேருவார், என் சைக்கிள் இப்போதைக்குச் செல்வி கடையில் இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு அவர் முதலில் கிளம்பினார். என் போன் அவர் சைக்கிள் பையிலேயே போய்விட்டது.

டிரைவருக்குப் பின் சீட்

பஸ்ஸில் நல்ல கூட்டம். எஸ்டேட்டிலிருந்து காலையில் இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் மூட்டையோடு ஏறியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

இரண்டு மூன்று வளைவு கழிந்ததும் கீழே கிருஷ்ணனைப் பார்த்தேன்.

அந்த முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்த முதுகு. இத்தனை வருஷமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சைக்கிள் விட்டிருக்கிறேன். ஆனால் பஸ் உயரத்திலிருந்து பார்த்தபோது அது சின்னதாக இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இத்தனை பெரிய பஸ்ஸுக்கு முன்னால் இவ்வளவு மெல்லிய மனுஷன் போகிறாரே என்று இருந்தது. டிரைவர் இப்போது ஹார்ன் அடிப்பார் என்று சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டிரைவரின் கால் பிரேக்கில் போனது. வண்டி மட்டுப்பட்டது. அதற்கு அப்புறம்தான் அவர் கை ஹார்னுக்குப் போனது. சின்னதாக இரண்டு தடவை.

கிருஷ்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையைப் பின்னால் நீட்டி, பொறு என்று காட்டினார். முன்னால் வளைவு. பஸ் அவர் பின்னால் ஊர்ந்தது. யாரோ, "கேற்றி எடுக்கண்ணே" என்று முந்தச் சொன்னார்கள். "வளவு கழியட்டே" என்றார் டிரைவர். வளைவு கழிந்ததும் கிருஷ்ணனின் கை முன்னால் வீசியது. பஸ் அவருக்குத் தாராளமாக இடம் விட்டுக் கடந்தது. அவ்வளவுதான் நடந்தது.

நான் எத்தனையோ ஹார்ன் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் முன்னாலிருந்தே கேட்டிருக்கிறேன். ஹார்னுக்கு முன்பே ஒரு கால் பிரேக்கில் போயிருக்கும் என்பதை நான் பார்த்ததே இல்லை. எல்லா டிரைவரும் அப்படி இல்லை, அது எனக்கும் தெரியும். எலும்பு முறிந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சாலைக் கடைத்தெருவில் என் தலைக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நின்றதே, அதிலும் ஒருவர் காலை அழுத்தியதால்தானே நின்றது? இத்தனை நாள் நான் அந்த ஹார்னை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குப் பயத்தைவிட அதிகமாக வந்தது பொறாமை. அந்த மனுஷர் காற்றில் மரநிழலில் இறங்கி வருகிறார். நான் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் இப்படித்தான் இருக்கப்போகிறதா என்று நினைத்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆளு இறங்கணும்" என்றேன்.

"விதுரைக்கில்லே டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

"வேண்டாம். இங்கேயே இறங்கறேன்."

ஆனப்பாறையில் இறக்கிவிட்டார்கள். மலைப்பக்கம் போக ஒரு ஆட்டோ கிடைத்தது. கொஞ்ச தூரத்தில் எதிரே கிருஷ்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தார். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தால் நிற்பார். நின்றால் கூடவே திரும்பி வருவார். வந்தால் எனக்கு முன்னால் போவார்.

வலது கை

"எந்தா அக்கா, மறுபடி வந்தாச்சு?" என்றாள் செல்வி.

"வண்டியை விட்டுட்டுப் போக மனசு வரலே."

"அண்ணன் எங்கே?"

"அவர் பாட்டுக்குப் போயிண்டிருக்கார்."

முதல் ஹார்ன் கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் வந்தது. என் கை பிரேக்கைப் பிடித்தது. இறுக்கவில்லை. வலது கையை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அது பாதிதான் நீண்டது. பின்னால் இருந்தவருக்கு நான் பொறு என்கிறேனா, கும்பிடுகிறேனா என்று தெரிந்திருக்காது. ஆனாலும் பொறுத்தார். ஒரு ஜீப். கடந்துபோகும்போது உள்ளேயிருந்து ஒரு குழந்தை கையாட்டியது.

இரண்டாவது முறை சுலபமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. இரண்டாவது முறை ஓரமாக இறங்கி நின்று, ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். மூன்றாவது, நான்காவது எல்லாம் எப்படிப் போயின என்று நினைவில்லை. ஒரு இடத்தில் நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவதை நானே கவனித்தேன். வீட்டில் தோசை வார்க்கும்போதுதான் எனக்குப் பாட்டு வரும்.

பிறகு காயத்ரிக்கு நானே கூடப்போய் வேறு சைக்கிள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். சிவப்பு நிறம். இப்போது எங்களோடு அருவிக்கரை வரை வருகிறாள்.

விதுரை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் கிருஷ்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கண்டக்டரிடம் கையை உயர்த்தி என் உயரத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அந்த மனுஷரை அவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. நிறுத்தி இறங்கிவிடத்தான் நினைத்தேன். ஆனால் என் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு லாரி. நான் நின்றால் ரோடே நிற்கும்.

"இங்கே பாருங்கோ" என்று கத்தினேன்.

பஸ் ஜன்னலிலிருந்து தலையை எடுத்துத் திரும்பினார். என்னைப் பார்த்தார், என் சைக்கிளைப் பார்த்தார், நான் வந்த திசையைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது.

"என்னால நிக்க முடியாது. பின்னாடி வண்டி இருக்கு. நீங்க வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டினேன்.

ஜங்‌ஷன் கழிந்து, கடைகள் கழிந்து, நெடுமங்காடு ரோட்டில் ஏறிவிட்டேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் கை வீசி வழி கொடுத்தேன். கொஞ்ச நேரம் ரோடு காலியாக இருந்தது. அப்புறம் பின்னால் மணி அடித்தது. மறுபடி அடித்தது. அவர்தான். அந்த மணியை எனக்குத் தெரியும். முன்னால் போக இடம் கேட்கிறார்.

நான் வழிவிடவில்லை.